பாம்புக்குப் பக்கத்து அறை

தமிழ்ப் புதுக்கவிதையில் பாம்புக்குக் குறைவில்லை. ‘எழுத்து’ தொடங்கிய 1959-லிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. காமமாக, காலமாக, மரணமாக, குற்றவுணர்வாக, சில சமயம் வெறும் கோடாக, அது நெளிந்துகொண்டே இருக்கிறது. இதைக் குறை சொல்ல வரவில்லை. அவற்றில் நல்ல கவிதைகளும் உண்டு. ஆனால் இந்தப் பாம்புகளில் ஒன்றாவது எதையாவது தின்றதாக எனக்கு நினைவில்லை. சட்டை உரிக்கின்றன, படம் எடுக்கின்றன, தன் வாலைத் தானே கவ்விக்கொள்கின்றன, ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. பசிப்பது மட்டும் இல்லை. எலி என்ற சொல் பாம்புக்கு அடுத்த வரியில் வந்து நான் படித்ததில்லை.

பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தபோதும் இதே கதைதான். சிசிலியில் ஒரு கொதிக்கும் பகலில் லாரன்ஸின் தண்ணீர்த் தொட்டிக்குப் பாம்பு வருகிறது; குடிக்கிறது; பொந்துக்குள் திரும்புகிறது. கட்டையை விட்டெறிந்த கவிஞன் பிற்பாடு வெட்கப்படுகிறான். 1923-இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள கவிதை. அந்தப் பாம்பு அந்த வீட்டு வளாகத்தில் எதற்காகக் குடியிருந்தது, தண்ணீர் தவிர அதற்கு வேறென்ன வேண்டியிருந்தது என்கிற கேள்வி அங்கே எழுவதே இல்லை. இன்னொரு பருவத்தில் பர்ன்ஸ். 1785-இல் அவன் கலப்பை ஒரு எலியின் கூட்டைக் கிளறிவிட, அதனிடம் மன்னிப்புக் கேட்கிறான். அங்கே பாம்பு இல்லை. இரண்டு கவிதைகளுக்கும் எங்களுக்கு வெவ்வேறு பேராசிரியர்கள். ஒருவர் பாம்பின் கம்பீரத்தைப் பற்றிப் பேசினார், மற்றவர் எலியின் எளிமையைப் பற்றி. இரண்டும் ஒரே வயல்வெளியில், பெரும்பாலும் ஒரே வளைக்குள் வாழ்பவை என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது.

இந்தப் பிரிப்பு ஓர் இலக்கியப் பிரச்னை என்று எனக்குப் படத் தொடங்கியது சென்னையில், ஒற்றைப் படுக்கையறை கொண்ட ஒரு ஃபிளாட்டில். அதற்கு வருமுன் என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாம்பைப் பற்றிப் பேச உரிமையுள்ள ஊர் என்று தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது சங்கரன்கோவில். நாகர்கோவில்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவன் பெரியவன், மற்றவனுக்குத் திருமால். வழக்கு கோமதி அம்மனிடம் போகிறது. அவள் தவமிருக்கிறாள், இரண்டும் ஒன்றென்று காட்ட சங்கரநாராயணர் தோன்றுகிறார். ஆடி மாத உத்திராடத்தில் நடக்கும் ஆடித்தபசு இதன் ஞாபகம்தான். அன்றைக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. கோயிலுக்குள் உள்ள நாகசுனை அந்த இரு நாகங்களும் தோண்டியது என்பார்கள். புற்றைத் தோண்டும்போது பாம்பின் வால் வெட்டுப்பட்டதும், அடியில் லிங்கம் இருக்கக் கண்டு உக்கிரபாண்டியன் கோயில் எழுப்பியதும் தலபுராணத்தின் இன்னொரு இழை. இங்கே பிரசாதம் புற்றுமண். நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால், தேள் கொட்டிவிட்டால், அல்லது அப்படியெல்லாம் நேராமல் இருக்க, வெள்ளித் தகட்டில் அடித்த உருவம் வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம்.

உண்டியல் எண்ணும் நாட்களில் எங்கள் கிளையிலிருந்து ஆள் அனுப்புவதுண்டு. நானும் போயிருக்கிறேன். ரூபாய் நோட்டுகளை ஒரு பக்கமும் சில்லறையை ஒரு பக்கமும் ஒதுக்கிய பிறகு தட்டில் மிஞ்சும் வெள்ளிக் குவியலைப் பார்ப்பது ஒரு அனுபவம். பாம்பு, தேள், கண், கால். எலி ஒன்று கூடக் கண்ணில் பட்டதில்லை. பாம்பு வராதிருக்க வேண்டுகிறவர்கள் எலி வராதிருக்க வேண்டிக்கொள்வதில்லை. வாஸ்தவத்தில் முதலாவது பெரும்பாலும் இரண்டாவதின் பின்னால் வருவதுதான். அரிசி மூட்டைக்கு எலி வருகிறது, எலியின் வாடைக்குப் பாம்பு வருகிறது. சாரைப் பாம்பு எலி வளைக்குள் நுழைவதை எங்கள் பக்கத்து விவசாயி எவரும் பார்த்திருப்பார். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று பழமொழி வைத்திருக்கிறோம். வீட்டைக் கட்டியவனை அது நினைவு வைத்திருக்கிறது. அந்த வீட்டில் என்ன சமையல் என்பதை அதுவும் சொல்வதில்லை. புற்றுக்கு நாம் கொண்டுபோவதோ பாலும் முட்டையும். முட்டையைச் சில பாம்புகள் தின்னும். பால் எந்தப் பாம்புக்கும் உணவல்ல. நாம் வணங்கும் பாம்பு ஒருவகையில் நாம் எழுதும் பாம்பின் மூதாதை. அதையும் சைவமாக்கி வைத்திருக்கிறோம்.

ஆனால் மரபு முழுக்க இப்படி இருந்ததில்லை. குறளில் இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. படைமாட்சியில், கடல் போல எலிகள் கூடி இரைந்தாலும் நாகத்தின் ஒரு மூச்சுக்குத் தாங்காது என்று வருவது ஒன்று. அங்கே பாம்பும் எலியும் ஒரே செய்யுளில் இருக்கிறார்கள். மற்றது உட்பகையில், மனம் ஒவ்வாதவரோடு வாழ்வது ஒரு குடிலுக்குள் பாம்போடு உடனிருப்பது போன்றது என்பது. முதலாவது யுத்தம், இரண்டாவது குடித்தனம். குடித்தனம்தான் எனக்கு அதிகப் பயங்கரமாகத் தோன்றுகிறது. யுத்தம் ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

கைலாயத்தின் நிலைமையை யோசியுங்கள். அப்பன் கழுத்தில் பாம்பு. மூத்த மகனுக்கு வாகனம் பெருச்சாளி. இளையவனுக்குப் பாம்பைக் கொத்தும் மயில். அப்பனுக்குக் காளை, அம்மைக்குச் சிங்கம். ஒரே வீடு. ஒருவரையொருவர் தின்னக்கூடியவர்களின் கூட்டுக் குடும்பம். இதை வைத்துப் பழம்புலவர்கள் நிறையவே விளையாடியிருக்கிறார்கள். பிள்ளையார் மூஞ்சூறு மேல் போகும்போது பாம்பு குறுக்கிட, வாகனம் மிரண்டு அவர் விழுந்து, வெடித்த வயிற்றை அந்தப் பாம்பையே எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார் என்ற கதையும் உண்டு. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நிலவு சிரித்ததோ பிள்ளையார் சபித்ததோ அல்ல. அதற்குப் பின்னும் அந்த மூஞ்சூறு, தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பாம்பைச் சுமந்துகொண்டு, தினமும் நடந்தாக வேண்டியிருக்கிறது என்பதுதான். அதைப் பற்றி யாரும் பாடவில்லை.

இனிச் சென்னை. என் சித்தி மகன் அங்கே கணிப்பொறி வேலையில் இருக்கிறான். அவனிடம் ஒரு மலைப்பாம்பு இருக்கிறது. நம் நாட்டுடையதல்ல. நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருந்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போகலாம். இது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். தன் மண்ணில் அது வசிப்பது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும். இதை அவன் சொன்னபோது சங்கரன்கோவில்காரன் என்ற முறையில் எனக்கு ஏதோ உறவு விட்டுப்போகாத உணர்ச்சி. நாலரை அடி நீளம், கையளவு கனம், தேனும் கறுப்புமாகத் திட்டுகள். குட்டியாக வாங்கினானாம். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம், ஆவணம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தபோது தெரிவித்துக்கொண்டுவிட்டான். இந்த ஜாதிப் பாம்புகள் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் துணிகளுக்கிடையே சுருண்டு கிடந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது 2022-க்குப் பிறகு பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்தி.

சித்தப்பா காலமானபின் சித்தி மகனோடு போய்விட்டாள். பாம்பின் பெயரை முதலில் கேட்டவுடன், “பால் குடிக்குமாடே?” என்று சந்தோஷமாகக் கேட்டாளாம். கண்ணாடித் தொட்டியின் மேல் புற்றுமண்ணைத் தொட்டு ஒரு கீற்று இழுத்துவிட்டு, “அம்மை அனுப்பிச்சது” என்று சமாதானமாகிவிட்டாள். என்ன தின்னும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு எலி. கடையில் வாங்கி வந்துகொண்டிருந்தான். ஊரடங்கில் கடை மூடியபோது வேறு வழியில்லாமல் வீட்டிலேயே வளர்க்க ஆரம்பித்தான். ஆண் ஒன்று, பெண் மூன்று; வலை போட்ட பிளாஸ்டிக் தொட்டிகள். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் அதே வெள்ளை எலி. சினைக்காலம் மூன்று வாரம் சொச்சம். ஈற்றுக்கு எட்டு, பத்து குட்டிகள். கணக்குப் பார்த்தால் ஒரு பாம்புக்கு ஒரு ஜோடியே தாராளம். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, குளியலறை, துணி உலர்த்தும் பால்கனி.

முதலில் படுக்கையறையில், பாம்பின் தொட்டிக்குக் கீழ்த்தட்டில் வைத்தான். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் பார்த்துக்கொள்ளச் சௌகரியம் என்று நினைப்பு. அதிலிருந்து பாம்பு இரவு முழுக்கத் தூங்கவில்லை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலிருந்து எலியின் வாடையை எடுத்து, மேல்வாயில் உள்ள ஜேக்கப்ஸன் உறுப்பில் ஒற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகளுக்கு உடற்சூடு தெரியும். வாடை இருக்கிறது, சூடு இருக்கிறது, இரை மட்டும் வருவதில்லை. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. தண்ணீர் மாற்றப் போன கையை இரண்டு தடவை கவ்வியது. இத்தனை நாள் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுத்த பாம்பு. பிறகு ஒரேயடியாகத் தின்பதை நிறுத்திக்கொண்டு நாலு மாதம் பட்டினி கிடந்தது. இந்த வகைப் பாம்புக்கு அது ஒன்றும் அபூர்வமில்லை என்றாலும், வீட்டுக்காரனுக்கு அது நாலு மாதக் கவலை.

எலிகளின் கதி வேறு. பாம்பின் வாடை அவற்றுக்கும் எட்டும். பகை மிருகத்தின் வாடைக்கு நடுங்குவது எலிக்கு யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை; ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறையாகப் பூனையைக் கண்டிராத எலியும் பூனை வாடைக்கு உறைந்துவிடும். மூலையில் ஒண்டிக்கொண்டன. தீனி சரியாக எடுக்கவில்லை. முதல் ஈற்றில் பிறந்த ஒன்பதையும் தாயே தின்றுவிட்டது. நெருக்கடியில் எலிகள் அப்படிச் செய்வதுண்டு. அவை சத்தம் போடவில்லையா என்று கேட்டேன். அச்சத்தில் எலி எழுப்பும் குரல் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். நம் காது இருபதோடு நின்றுவிடும். அந்த அறை எங்களுக்கு நிசப்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் தொட்டிகள் ஹாலுக்கு வந்தன, சித்தியின் கட்டிலுக்கு அடியில். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடியில் அவளுக்கு இளைப்பு வந்தது. பால்கனிக்குப் போயின. சென்னையின் மே மாதம். எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரண்டு செத்துப்போயின. குளியலறைக்குப் போயின, ஈரம் சேரவில்லை. நான் அலுவலகப் பயிற்சிக்காக அங்கே இரண்டு வாரம் தங்கியது இந்தக் கட்டத்தில். ராத்திரி குளியலறைக் கதவைத் திறந்தால் எட்டு ஜோடிக் கண்கள்.

எலிகளைப் பார்த்துக்கொள்வது சித்தியின் பொறுப்பாகியிருந்தது. யாரும் கொடுத்த பொறுப்பல்ல. மகன் வேலைக்குப் போய்விடுகிறான். பசித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. ஊறவைத்த கடலை, காரட் தோல், வடித்த சோற்றில் ஒரு பிடி. பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கவில்லை என்பதை அவளே என்னிடம் எடுத்துச் சொன்னாள். பதினைந்து நாளைக்கொரு முறை மகன் கேட்கும்போது அவள்தான் காட்டிக்கொடுப்பாள். அதற்கு அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. பால் கொடுத்துக்கொண்டிருப்பது கூடாது, நோஞ்சான் கூடாது, வெள்ளி, செவ்வாய் கூடாது. உயிரோடு போடக் கூடாது என்பதை அவள் சொல்லும் முன்பே மகன் நிறுத்தியிருந்தான். பசியில்லாத பாம்போடு விட்ட எலி ராத்திரிக்குள் பாம்பின் முதுகைக் கறித்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. கொன்று, உடற்சூடு ஆறுமுன் இடுக்கியால் நீட்ட வேண்டும். ஆறிவிட்டால் வெந்நீரில் சூடாக்க வேண்டும். மேல்நாடுகளில் உறைய வைத்த எலியைப் பொட்டலமாகவே விற்கிறார்கள்.

ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். சித்தி தொட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறையிலிருந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தால் குளியலறைக்கு வாடை போகிறதாம். நான் எழுந்து மறுமுனையைப் பிடித்தேன். அடுப்பு மேடைக்கு அடியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“எப்படியும் ஒருநாள் குடுக்கத்தானே போறீங்க, சித்தி?” என்றேன்.

“குடுக்கத்தான்யா போறேன். நான் இல்லைன்னா சொல்லுதேன்? சாவு வாறப்ப வரட்டும். அதுக்காவ தெனமும் அதை மோந்துக்கிட்டே கெடக்கணுமா?”

சித்தப்பா கடைசியாகக் கிடந்த பொதுவார்டில் அவள் நாற்பது நாள் தரையில் படுத்திருந்தாள். அதைப் பற்றி அவள் அன்றைக்கும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் சொன்னதை அதற்குப் பிறகு பலவிதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்கிறாள். ஆனால் சுவரில் இரண்டு வகை உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று எலியின் பொருட்டு எழுப்புவது, பாம்பின் பொருட்டும்தான். இரண்டும் தத்தம் பொழுதைத் தம் போக்கில் கழிக்க. மற்றது நம் பொருட்டு எழுப்புவது, நாம் பார்க்காமல் இருக்க. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செங்கல் சுவர்தான். நான் போன மட்டும் எந்த மிருகக்காட்சிசாலையிலும் இரைக்கான எலிகள் வளரும் அறைக்கு அம்புக்குறி போட்ட பலகை இருந்ததில்லை. இந்தச் சுவர் எந்த வகை என்று அதைக் கட்டியவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எங்கள் கிளையில் நகைக்கடன் கொடுக்கும் கவுண்ட்டருக்கு நேரெதிரே ஏல அறிவிப்பு ஒட்டும் பலகை. சங்கிலியை மடியிலிருந்து அவிழ்க்கிறவள் தலையைத் தூக்கினால், மீட்கமுடியாமல் போனவர்களின் பட்டியல். பலகையை உள்ளே மாற்றிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அவள் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவா, நாங்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சுவரே இல்லாமல் இதையெல்லாம் அறிந்தவர்களும் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள். பாம்பு அவர்களுக்குத் தோலாக இருந்தது, பிழைப்பாக இருந்தது. 1972 சட்டமும் 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. கிண்டியில் 1972-இல் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து நின்றார். 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி மாற்று மருந்து தயாராகிறது. 2000-த்திலிருந்து 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடிக்குச் செத்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் என்று ஒரு மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். கதிருக்கு எலி, எலிக்குப் பாம்பு, பாம்பை மிதிக்க அறுவடைக்காரன், அவனுக்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து வந்த குப்பி. இதில் எந்தக் கண்ணியை எடுத்துவிட்டாலும் மற்றவை படிமங்களாகத்தான் மிஞ்சும்.

அதே இருளர்கள் எலியும் பிடிப்பார்கள். வளையின் வாயில் புகைப்பானையை வைத்து ஊதி, தோண்டி, எலியை எடுத்துக்கொண்டு, அது உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லையும் அள்ளிக்கொள்வார்கள். ஒரு வளையின் முன் உட்கார்ந்து, உள்ளே இருப்பது எலியா, எலியைத் தேடிப் போனதா என்று மண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள். இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். வளர்த்தவர்கள் கைவிட்டும், தப்பித்தும் அங்கே காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்கு. முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் போய்ப் பிடித்த இடங்களில் ஒன்று கீ லார்கோ தீவு. அங்கே மட்டுமே உள்ள, அழியும் நிலையில் இருக்கும் ஒரு காட்டெலியைக் காப்பாற்ற, கழுத்தில் வானொலிக் கருவி கட்டிக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். 2007-இல் ஒரு எலியின் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து போனபோது, அது ஒரு மலைப்பாம்பின் வயிற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

பாம்புக்குள்ளிருந்து ஒலிக்கும் எலி. நம் கவிதைகளில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அதைப் படித்தபோது தோன்றியது. பாம்பை எழுதாதே என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. எலிக்கு இரக்கப்பட்டு எழுது என்று சொன்னால் அதைவிட மோசம், அது பிரசாரமாகிவிடும். சித்தியிடம் இரக்கம் என்கிற சொல்லே வரவில்லை. அவள் இரண்டுக்கும் சோறு போடுகிறவள். ஒன்றுக்கு மற்றதைப் போடுகிறவளும் அவள்தான். ஒரு கையால் கடலையும், மறு கையால் கழுத்தும். இந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்கிற பிரக்ஞை அவளுக்கு இருக்கிறது. அது இல்லாத இடத்தில்தான் குறியீடு மிக எளிதாக, மிக அழகாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் பாம்புகளின் வழவழப்புக்குக் காரணம் நம் திறமை மட்டுமல்ல. அவற்றின் சாப்பாட்டை வேறு யாரோ, வேறு எங்கோ, நம் கண்ணில் படாமல் முடித்துவைக்கிறார்கள்.

போன ஆடியில் சித்தி தபசுக்கு ஊருக்கு வந்திருந்தாள். கோயிலைச் சுற்றி முடித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தபோது சென்னைச் செய்தி கேட்டேன். பால்கனியில் பாதியைப் பலகை வைத்து அடைத்து, மேலே வெயில் இறங்காதபடி தெர்மாகோல் ஒட்டி, ஒரு சிறிய மின்விசிறியும் மாட்டிவிட்டானாம் தம்பி. எலிகள் அங்கே குடியேறிவிட்டன. வாடை இந்தப் பக்கம் வருவதில்லை. பாம்பு ஒழுங்காகத் தின்கிறது. மூக்குப் புண் ஆறிவிட்டது. கடைசியாக ஈன்றதில் பதினொன்றும் பிழைத்துவிட்டன.

“எலி வளையானாலும் தனி வளை வேணும்ணு சும்மாவா சொன்னாங்க” என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் ஹாலில்தான் படுக்கை. டி.வி. அணையப் பதினொரு மணி ஆகிவிடுகிறதாம்.